அண்ணியின் குதிகாலை எழுதுவது

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் அது சாமர்த்தியமாகத் தெரியும்.

அண்ணனும் அண்ணியும் இருக்கும் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அண்ணிக்குச் செருப்புக் கடையில் வேலை. ஆளே வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் சாப்பாட்டு மேசையிலிருந்து அண்ணன் எழுந்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி அந்த நடையை நடித்துக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு, அன்னிக்கு மட்டும் இந்த வலிக்கும் லீவு" என்றார்.

சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். (எப்போதிலிருந்து வாசலில் நின்றார் என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.)

2

டாக்டரை வைத்துத்தான் முதலில் ஆரம்பித்தேன்: "திரையில் வெள்ளைக் கோடாக நகரும் ஊசியை அந்த மருத்துவர் ஒரு..."

அந்த வரியை அடித்துவிட்டேன். டாக்டர் தன் வேலையைப் பார்த்தார். வெட்கப்பட அவருக்கு ஒன்றுமில்லை. வெட்கம் அண்ணனிடம் இருந்தது. அண்ணன் பக்கமே போகிறேன்.

அண்ணி கடையில் காலை ஊன்ற முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் போன் செய்ய, நாங்கள் ஓடினோம். இரண்டு நாள் கழித்து ஸ்கேன் அறை. அண்ணி குப்புறப் படுத்திருந்தார், பாதங்கள் கட்டிலுக்கு வெளியே. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தப் பாதங்களின் அடிப்பக்கத்தை அண்ணன் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவ்வளவு நேரம் பார்த்தார்.

டாக்டர் ஜெல் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிந்தது.

"இந்தத் தசைநாரோட தடிமன் நாலு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். இவங்களுக்கு ஏழு இருக்கு. திரையில பார்த்துக்கிட்டே சரியான இடத்துல ஊசி போட்டுடலாம். எத்தனை நாளா வலி?"

"ரெண்டு மாசமாத்தான் டாக்டர்" என்றார் அண்ணி, தலையணைக்குள்ளிருந்து.

இரண்டு வருடம்.

"ரெண்டு மாசத்துல இவ்வளவு தடிக்காதும்மா. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"நான்தான் சொல்லல."

நான் சுவரில் மாட்டியிருந்த பாத எலும்புகளின் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஊசி இறங்கியது. அண்ணியின் கால்விரல்கள் சுருண்டன, சத்தம் வரவில்லை. அந்த மனுஷி எங்கள் இருவரின் மானத்தையும் காப்பாற்றிவிட்டுத்தான் வலியைக் கவனித்தார்.

3

முடிவு இரண்டு எழுதினேன்.

(அ) திரும்பி வரும்போது காரில் அண்ணன் அழுகிறார். நிஜத்தில் அவர் அழவில்லை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், அவ்வளவுதான். அழவைத்ததும் சட்டென்று நல்லவராகிவிட்டார். கிழித்தேன்.

(ஆ) அண்ணி எங்களை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். அது என் ஆசை. திட்டு வாங்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே. அதையும் கிழித்தேன்.

4

நடந்தது இது. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் வலி கூடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அண்ணன் கட்டிலோரம் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அண்ணி எழுந்து காலை ஊன்றினார். அண்ணன் தோளைக் கொடுத்தார். அண்ணி சுவரையே பிடித்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

அண்ணி அவரைப் பார்த்தார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

அண்ணன் கதவருகே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுதுகிறவன், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பான் என்று நினைத்திருப்பார். பிறகு அவராகவே தொடங்கினார்:

"நான் வந்து..."

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியும். முடித்தால் அவரைக் காப்பாற்றிவிடுவேன், கூடவே என்னையும். நீங்கள் முடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அண்ணி நின்றுகொண்டிருக்கிறார்.