மேகமில்லாத நாளின் படம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் இருபத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. மோட்டார் அறைகள் எல்லாமே மொட்டை மாடியில் இருந்ததால், மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற உச்சிகளை அவர் தினமும் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். அங்கே பேச ஆள் கிடையாது. மோட்டாருக்கு கிரீஸ் வைப்பார், இரும்புக் கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார், கைப்பிடிச் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு போனில் நகரத்தை ஒரு படம் எடுத்து மனைவிக்கு அனுப்புவார்.

மனைவி கடல் தாண்டி ஒரு ஆலையில், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தாள். போய் மூன்று வருடம். கல்யாணத்துக்கு முன்னால் தன் அண்ணனுடைய ஸ்டுடியோவில் படங்களுக்கு ஓரம் வெட்டிக் கொடுத்தவள். ஆரம்பத்தில் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் குறியை அனுப்புவதோடு சரி. ஒருநாள் பொறுக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டாள்.

“வானத்துல ஒரு மேகம்கூட இல்ல. அந்த வெறும் நீலத்துக்கு எதுக்குங்க முக்கால் படத்தைக் கொடுத்திருக்கீங்க? கட்டடமெல்லாம் அடியில நசுங்கிக் கிடக்கு.”

அதன்பிறகு தினமும் கூப்பிட்டாள். மேகமில்லாத நாளில் வானத்தை ஒரு பட்டை அளவுக்குச் சுருக்கச் சொன்னாள். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியாவது நின்றால்தான் தூரம் தூரமாகத் தெரியும் என்றாள். மேகம் திரண்டால் நேர்மாறு: கட்டடங்கள் கீழே ஒண்டிக்கொள்ளட்டும், மிச்சமெல்லாம் மேகத்துக்கு. படம் கோணலாக வந்த அன்று அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்த பதினோரு வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. சில நாட்கள் வேண்டுமென்றே போனைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தார்.

ஒருநாள் மதியம் மேகங்கள் அடுக்கடுக்காக ஏறி வந்தன. அவள் சொன்னபடியே எடுத்து அனுப்பினார். “இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்றாள். அதே மூச்சில், தன்னை சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள் என்றும், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். அவர், படத்தின் இடது ஓரத்தில் இருப்பது அவள் போன பிறகு கட்டிய கட்டடம் என்றார்.

மறுநாள் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அவர் படம் எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

“ரெண்டு நாளா படம் வரல.”

“வானம் வெறிச்சுன்னு இருக்கு.”

“அதுக்குத்தான் வழி சொல்லியிருக்கேனே.”

அவர் மோட்டார் அறையில் கிரீஸ் டப்பாவை மூடினார். “ரெண்டு வருஷம் ரொம்ப அதிகம்மா” என்றார்.

“கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கணும்” என்றாள். “நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னுதான் கேக்கல. சரின்னு சொல்லிட்டா அதைவிட மோசம்னும் தோணுச்சு.”

அதற்குள் மோட்டார் அறையில் அபாய மணி அடித்தது. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி. அவர் போனை அணைக்காமல் தரையில் வைத்தார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார். உள்ளே இருந்தவரிடம் இன்டர்காமில், பயப்படாதீங்க, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு திறந்துவிட்டதாகக் காவலாளி கீழிருந்து சொன்னதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அவள் இன்னும் வைக்கவில்லை.

“வெளிய வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

“சரி. எனக்கு இடைவேளை முடிஞ்சுபோச்சு.”

போட்ட கையெழுத்தை மாற்ற வழியில்லை. அந்த இரண்டு வருடமும் அவள் அங்கேயேதான் இருந்தாள். அவர் படங்களை நேராகவே எடுத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாத நாட்களிலும் அவள் கூப்பிட்டாள்.