மார்ச் மாதத்தில் ஒருமுறை விழுந்தவர்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் அகராதி அக்காவின் மேசைக்குத்தான் போகும். இருபத்திரண்டு வருட மொழிபெயர்ப்பாளர். ஒரு கமாவைக்கூட விட்டுவைக்க மாட்டார். "சொல்லுக்குச் சொல் சரியா இருந்தா பொருள் தானா வந்து உட்காரும்" என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்லுவார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் இலக்கணத்தில் இறங்கிவிடுவார்.

உயரத்தில் வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். ஜூன் மாதம் மூத்த மெக்கானிக்கின் சான்றிதழ் வந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் நாலே வரி எழுதியிருந்தார். அக்கா அதைத் தமிழாக்கினார்: "இவர் பதினான்கு மாதங்களாக வண்டியில் இருக்கிறார். மார்ச் மாதத்தில் ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்தார். உடனே ஏறிக்கொண்டார். வேலைக்கு முழுத் தகுதியுள்ளவர்."

பதினான்கு மாதம் ஒருவர் வண்டியிலேயே இருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கம்பெனி வேனில் சுற்றுகிற ஆள்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரிக்கு அந்தக் காகிதம் வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி. மூன்று வருடமாக அவருக்கு விசாரிக்க ஒரு விபத்து இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"வண்டியிலேருந்து விழுந்தீங்களாமே. ஏன் சொல்லல?"

மெக்கானிக் இரண்டு தரம் படித்தார். "ஆமா சார். கேபிள் உருளைய இறக்கும்போது பின்கதவு தெறந்துக்கிச்சு. பெரிய அடி இல்லன்னு விட்டுட்டேன்" என்றார்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. பன்னிரண்டு வேன்களைச் சோதித்ததில் ஏழின் பின்கதவுத் தாழ்ப்பாள் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினார்கள். மேலிடத்திலிருந்து அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. "உங்க மொழிபெயர்ப்பாலதான் மேடம்" என்று அவர் சொன்னபோது அக்கா அடக்கமாகத் தலையாட்டினார்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல் மெக்கானிக்கின் மனைவி கையில் ஒரு படிவத்தோடு அக்காவின் மேசைக்கு வந்தார். விபத்தை உறுதிசெய்து குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டுமாம்.

"அக்கா, இதுல எப்படிக் கையெழுத்துப் போடுறது? அவரு விழவே இல்லையே."

"டாக்டரே எழுதியிருக்காரேம்மா. மார்ச்ல."

அந்தப் பெண் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மார்ச்ல குடிச்சாரு. ஒரு வருஷமா தொடாம இருந்தவரு, பழைய கூட்டாளிங்கள பாத்ததும் ஒரு நாள் போயிட்டாரு. மறுநாளே அவரா அந்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்லி அழுதாரு. வேற எதுவும் நடக்கல."

அக்கா அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து மரபுத்தொடர் அகராதியை இறக்கினார். அதை அவர் திறந்தே பல வருடம் ஆகியிருந்தது, தேவைப்பட்டதில்லை.

'வண்டியில் இருக்கிறார்' என்ற அந்த ஆங்கிலத் தொடருக்கு அரைப் பக்க விளக்கம் இருந்தது. அமெரிக்காவில் தார் போடாத காலத்துத் தெருக்களில் புழுதி அடங்கத் தண்ணீர் வண்டி வந்து தெளிக்குமாம். குடியை விட்டவர்கள், "எவ்வளவு தாகம் எடுத்தாலும் அந்தத் தண்ணீர் வண்டியில் ஏறுவேனே தவிர மதுவைத் தொட மாட்டேன்" என்ற பொருளில் தண்ணீர் வண்டியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். நாளடைவில் பேச்சிலிருந்து தண்ணீர் வற்றிப்போய் வண்டி மட்டும் மிஞ்சியது. மறுபடி குடித்தால் வண்டியிலிருந்து விழுந்ததாக அர்த்தம். தூக்குமேடைக்குப் போகிற கைதிகளை வழியில் சாராயக்கடையில் இறக்கி, கடைசிக் கோப்பை கொடுத்து மறுபடி வண்டியில் ஏற்றுவார்கள், அதிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை உண்டாம்; அதற்கு ஆதாரம் இல்லை என்று அகராதிக்காரர் கறாராக எழுதியிருந்தார்.

தமிழில் ஒருவன் குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றால் அவன் மீசையைத் துடைக்கவா ஓடுவோம்? அக்காவுக்குக் காது சுட்டது.

திருத்திய மொழிபெயர்ப்போடு அதிகாரியிடம் போனார். அவர் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

"மேடம், விபத்து நடந்தாச்சு. அறிக்கை போயாச்சு. தாழ்ப்பாள் மாத்தியாச்சு. இப்பப் போயி நடக்கலைன்னா, ஏழு தாழ்ப்பாள எதுக்கு மாத்தினோம்?"

"ஆடுச்சே, அதுக்குத்தான்."

"அது விபத்து நடந்ததாலதான தெரிஞ்சுது?"

மெக்கானிக்கின் மனைவியை இனித் தொந்தரவு செய்யக்கூடாது, படிவத்தை மூடிவிட வேண்டும் என்பதற்கு மட்டும் அக்கா அவரை ஒப்புக்கொள்ள வைத்தார்.

மெக்கானிக் ஒரு கட்டிடத்தின் நான்காவது மாடியில் லிஃப்ட் கதவைக் கழற்றி வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஆள் பார்க்கும்போது திருத்தத்தைக் கொடுக்க வேண்டாம் என்று உதவியாட்கள் டீக்குப் போகும்வரை அக்கா படிக்கட்டில் நின்றார். பிறகு நடந்ததை மறைக்காமல் சொன்னார். தப்பு தன்னுடையது என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வாக்கியம் அவருக்கு அதிகம் பழக்கமில்லை.

மெக்கானிக் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்போ டாக்டர் எனக்காகப் பொய் எழுதலையா?"

"இல்ல தம்பி. உள்ளத உள்ளபடி எழுதியிருக்காரு."

"நான் குடிச்சத?"

"ஆமா. உடனே நிறுத்திட்டீங்கன்னும் எழுதியிருக்காரு."

"அத எழுதிட்டும் வேலைக்குத் தகுதின்னு போட்டிருக்காரா?"

"முழுத் தகுதின்னு."

அவர் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மாசாமாசம் வரச் சொல்லியிருந்தாரு அக்கா. ரெண்டு மாசமா போகல. நான் குடிச்சத மறைக்க, வண்டியிலேருந்து விழுந்தேன்னு அவ்ளோ பெரிய மனுஷன் பொய் எழுத வேண்டியதாயிடுச்சே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு. நேத்துகூட அந்தக் கடை வாசல் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பினேன்."

மெக்கானிக் போனை எடுத்து, பிசுக்கு விரலால் இரண்டு மூன்று முறை தப்பாகத் தொட்டு, மருத்துவமனைக்குப் போட்டார். ஓரமாக நின்று, தணிந்த குரலில் தன் பெயரையும் டாக்டர் பெயரையும் சொன்னார். வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அக்கா கிளம்பவில்லை.