தசரதனுக்குப் போட்ட இலை

ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில், தக்காளி கிலோ நாற்பது விற்ற ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில், காலி மனை ஒன்றில் சீனத்து இரவுச் சந்தை வந்து இறங்கியது. லாரி எதுவும் வரவில்லை; சற்று முன்புவரை அங்கே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சிவப்புக் காகித விளக்குகள், குச்சியில் செருகிச் சுட்ட கணவாய் மீன், காகிதத்தில் மயில் வெட்டும் பெரியவர்கள். ஜனங்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அடுத்த வாரம் பேரம் பேசினார்கள். வெள்ளிதோறும் வரும்; விடிந்தால் மாடு மறுபடி மேயும்.

அங்கே வண்ண மாவில் ஆள் உருவம் பிடிப்பவர் ஒருவர் இருந்தார். போட்டோ காட்டினால் போதும். வேம்புலி தன் மகளின் பிறந்தநாளுக்கு அவள் உருவத்தைக் கேட்டான். பிடித்த கையோடு அது சரிந்து கூழானது. மாவு மட்டம் என்று சண்டை போட்டு, வீட்டிலிருந்து மைதா கொண்டுவந்து கொடுத்தான். அதுவும் சரிந்தது. கோபத்தில், ரயிலில் அடிபட்டுச் செத்துப்போன தம்பியின் போட்டோவை நீட்டினான். அது நின்றது. உயிரோடு இருப்பவரை அந்த மாவு தாங்காது என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது.

யுவராணிக்கு அது தேவைப்பட்டது. அவள் கணவன் தசரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். சீனாவுக்கு வேலைக்குப் போய், இரண்டு வருஷம் தினமும் பேசினான். பிறகு போன் அடங்கிவிட்டது. அமாவாசைதோறும் வீட்டில் சண்டை. பிள்ளை பட்டினி கிடக்கிறான், இலை போட வேண்டும் என்பாள் மாமியார் பேபி. உயிரோடு இருப்பவனுக்குப் படைத்தால் அதுவே அவனைக் கொன்றுவிடும் என்பாள் யுவராணி. இருவரும் அவன்மேல் உள்ள பாசத்தில்தான் பேசினார்கள், அதுதான் கொடுமை.

சந்தைக்குச் சேர்ந்தே போனார்கள். யுவராணி கல்யாண போட்டோவில் தன் பாதியை மடித்துவிட்டு நீட்டினாள்.

"சரிஞ்சுடணும்ண்ணா," என்றாள்.

மாவுக்காரருக்குத் தமிழ் தெரியாது. நெற்றி, மீசை, கல்யாணத்துக்கு அப்புறம் லேத்தில் நுனி போன சுண்டுவிரல் என்று எல்லாவற்றையும் சரியாகப் பிடித்தார். உருவம் நின்றது. காற்றடித்தபோதும் நின்றது. யுவராணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்ததும், அவன் போனில் வாய் ஓயாமல் சொன்ன சீனத்துக் கொழுக்கட்டை பக்கத்துக் கடையில் வெந்துகொண்டிருந்ததைப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அமாவாசை. முதன்முறையாக இலை போட்டார்கள். வடை, பாயசம், முருங்கைக்காய் சாம்பார், ஓரத்தில் அந்தக் கொழுக்கட்டை. எடுத்து மதில்மேல் வைத்ததும் காகம் வந்தது. வடையை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கொழுக்கட்டையைத் தின்றது. வடை சுட்ட பேபிக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

"ரெண்டு வருசம் அதத்தான துன்னுகினு கெடந்தான்," என்றாள். "நாக்கு பழகிப்பூட்சி."

யுவராணி இன்னொன்றை எடுத்து வைத்தாள்.