கேப்டன் கல்லறையை விட்டு நடந்த வெண்கலத் தகடு

ஓல்டன்கில் ஊர் டச்சுத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், 2003ஆம் ஆண்டு மே மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, கேப்டன் டூனிஸ் பிரிங்க்கின் தலைமாட்டில் நடப்பட்ட வெண்கலத் தகடு, மறுநாள் காலை பத்தரைக்கு அங்கிருந்து முப்பத்தேழு அடி வடக்கே நின்றது. புதன்கிழமை எழுபத்து நான்கு அடி. வியாழக்கிழமை மழை பெய்தது, ஆனாலும் கணக்கு பிசகவில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், ஒரு முழ இரும்புக் கம்பியின் மேல் பொருத்திய தகடு அது. அமெரிக்கப் புரட்சிப் போரில் சேவை செய்தவர் என்று அதில் பொறித்திருந்தது, பெயர் எதுவும் இல்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வது எப்படிக் கண்ணுக்குத் தெரியாதோ அப்படித்தான் அதுவும் நகர்ந்தது. பின்னால் மட்டும் விரல் அகலத்துக்குப் புல் பிளந்து, மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது.

தகட்டை நட்டது புரட்சிப் போர் வம்சாவளிச் சங்கத்தின் ஓல்டன்கில் கிளை. பதினைந்து பெண்மணிகள். 1776இல் துப்பாக்கி தூக்கியவர்களின் நேர் வாரிசு என்று காகிதத்தில் நிரூபித்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். வருடத்துக்கு ஒரு கட்டுரைப் போட்டி, அக்டோபரில் ஒரு தேநீர் விருந்து, மே மாதம் கல்லறை மரியாதை. அன்றைக்கு உறுப்பினர் அடையாளமான நீல நாடா குத்திக்கொண்டு பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள், அஞ்சல் வழி வாங்கிய மூன்று முனைத் தொப்பி போட்ட ஆண்கள் வானத்தைப் பார்த்து மூன்று முறை சுடுவார்கள், பிறகு பன்றித்தொடை சாண்ட்விச்சும் சதுரமாக வெட்டிய எலுமிச்சைக் கேக்கும். தலைவி கான்ஸ்டன்ஸ் வீடன் முதலில் குற்றம் சொன்னது புல் வெட்டும் ரோலண்டை. அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நான் புல்லைத்தான் வெட்டுறேன் மேடம், இரும்பை மேய்க்கிறது என் வேலை இல்ல" என்றான்.

தகட்டைப் பிடுங்கிக் கொண்டுவந்து மறுபடி நட்டார்கள். மறுபடி நடந்தது. சிமென்ட் குழைத்து அடியில் ஊற்றினார்கள். சிமென்ட்டையும் இழுத்துக்கொண்டு நடந்தது, நாளைக்கு முப்பத்தேழு அடி என்பதில் ஓர் அங்குலமும் குறையாமல். கல்லூரியிலிருந்து வந்த நிலவியல்காரர் அடியில் ஊற்று ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, ஊற்று ஏன் மேட்டை நோக்கி ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் போனார். கடைசியில் சிமென்ட்டை உடைத்தெடுத்து, தகட்டை மறுபடி தலைமாட்டில் நட்டு, அது எங்கேதான் போகிறது என்று பார்த்துவிடலாம் என்று சங்கம் முடிவு செய்தது. தினமும் அளந்து எழுதும் பொறுப்பைப் பதிவாளர் அலைடா பிரிங்க்கிடம் ஒப்படைத்தார்கள்.

அலைடாவுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. மாவட்டப் பத்திர அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கத்தில் சேர வரும் மனுக்களைச் சரிபார்ப்பது அவள் வேலை, அதற்கு முன்னால் அவள் அம்மாவின் வேலை. கேப்டன் டூனிஸ் பிரிங்க் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அவளுக்கு ஏழு தலைமுறை முந்தைய பாட்டன். ஞானஸ்நானத் தேதியில் ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் கையிலிருந்து தப்பித்து உள்ளே வந்தவர்கள் அதைப் பற்றி வெளியூரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

அளவுநாடாவும் குறிப்பேடுமாக அவள் தகட்டின் பக்கத்தில் நடந்தாள். தோட்டச் சுவரைத் தகடு தாண்டியது ஆறாம் நாள். தாண்டியது என்றால் ஏறவில்லை. சுவரில் ஒரு கல் பெயர்ந்து வழி விட்டது. பத்தொன்பதாம் நாள் மாவட்டச் சாலையைக் கடந்தது. இருபத்திரண்டு அடிச் சாலையைக் கடக்க ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் பிடித்தது. தாரில் ஒரு கோடு விழுந்தது. பால் லாரிக்காரர் ஒருவர் மட்டும் ஹார்ன் அடித்துப் பார்த்தார், மற்றவர்கள் பழைய ஆலை வழியாகச் சுற்றிப் போனார்கள். இருபதாம் நாளே அது போகும் திசை அலைடாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் குறிப்பேட்டில் அடிக்கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள் நெடுஞ்சாலைத் துறைக் கிடங்குக்குப் பின்னால், பனிக்காலத்துக்காகக் குவித்து வைத்திருக்கும் உப்பு மேட்டுக்கும் முள்வேலிக்கும் நடுவே, புதரில் போய் நின்றது தகடு. பிறகு நகரவில்லை. அங்கே எழுத்தில்லாத வயல் கற்கள் இருபதோ முப்பதோ மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. அது யாருடைய இடம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். "அவங்க இடம்" என்று சொல்வார்கள். பிரிங்க் குடும்பமும் வீடன் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த காலத்தில், அவர்களில் செத்தவர்களைக் கொண்டுபோய்ப் போட்ட நிலம். எங்கோ தெற்கு மாநிலங்களில் மட்டும் நடந்ததைப் பேசுவதுபோல் அடிமை முறையைப் பற்றிப் பேசிப் பழகிய வட மாநிலத்து ஊர் ஓல்டன்கில். அதனால் அந்த இடத்தின் பக்கத்தில் உப்பைக் கொட்டுவது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

தொலைபேசிப் புத்தகத்தில் பிரிங்க் என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ஒர்நெட்டா பிரிங்க்கும் அலைடாவும் ஒரே வகுப்பு. பெயர் வரிசையில் உட்கார வைத்ததால் பன்னிரண்டு வருடம் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தவர்கள். "அக்கா தங்கச்சியா நீங்க?" என்று ஓர் ஆசிரியர் கேட்க, வகுப்பு சிரித்தது. அலைடாவும் சிரித்தாள். ஒர்நெட்டா 1986இல் ஒரு மனு கொண்டுவந்தாள். அவள் அப்பாவழியில் காலங்காலமாகச் சொல்லி வந்த கதை அதில் இருந்தது. டூனிஸ் பிரிங்க்குக்குப் போருக்கு அழைப்பு வந்தபோது, தன் அடிமை குவாமை அவர் தன் இடத்தில் அனுப்பினார். திரும்பி வந்தால் விடுதலை என்று வாக்குக் கொடுத்தார். குவாம் இரண்டு வருடம் பதினொரு மாதம் போரில் இருந்தான், பனியில் மூன்று கால்விரல்கள் போயின, திரும்பி வந்தான். டூனிஸ் அவனைப் பழையபடி மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார். ஊர் ஆலைக்குக் காவல் நின்றதற்காகக் கேப்டன் என்று தன்னை அழைக்கச் சொன்னவர் அவர். 1811இல் அவர் எழுதிய உயிலில் குவாமின் பெயர் இருக்கிறது, ஒரு சிவப்புப் பசுவுக்கு அடுத்த வரியில்.

போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி அலைடா மனுவைத் திருப்பினாள். அப்போது அது உண்மையும்கூட. ஐந்து வருடம் கழித்து, அம்மா இறந்த பிறகு, குடும்பப் பெட்டியின் அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. படையிலிருந்து விடுவித்த சீட்டு: 'குவாம், நீக்ரோ, டூனிஸ் பிரிங்க்கின் இடத்தில் சேவை செய்தவன்.' அம்மா அதைப் பார்த்திருக்கிறாள் என்பது மடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அந்த ஒரு வரியில் அலைடாவின் நீல நாடாவும், அம்மாவுடையதும், சங்கத்திலிருந்த மூன்று சித்தி பெண்களுடையதும் போய்விடும். ஓர் உறையில் போட்டு, மேலே 'பலவகை' என்று எழுதி, மூடிவைத்தாள். பன்னிரண்டு வருடம் வெயிலும் பனியும் போயின, அவள் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

தகடு நின்ற மறுநாள் மதியம் அந்த உறையை எடுத்துக்கொண்டு ஒர்நெட்டாவின் வீட்டுக்குப் போனாள். ஒர்நெட்டா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று காகிதத்தைப் படித்தாள். இரண்டு முறை படித்துவிட்டு உறையைத் திருப்பினாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"'பலவகை'ன்னு போட்டிருக்கே. தொண்ணூத்தொண்ணுன்னு தேதி வேற."

அலைடா தலையை ஆட்டினாள்.

"எங்கப்பா போன அக்டோபர்லதான் போனாரு. உனக்குத் தெரியும், நீ கேக் அனுப்பியிருந்தே. கடைசி ஆறு வருஷம் அவருக்குக் கண்ணு இல்ல. ஆனா இதைக் கையில வாங்கித் தடவிப் பார்த்திருப்பாரு."

"நான் என்ன செய்யணும், சொல்லு. செய்யறேன்."

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். அந்தத் தகடு ஒரே மாசத்துல வந்து சேர்ந்துருச்சு, அலைடா. கால்கூட இல்ல அதுக்கு. உனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

காகிதத்தை அவள் திருப்பித் தரவில்லை. அலைடாவும் கேட்கவில்லை. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அது ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்று அலைடா பல வருடம் கழித்தும் நினைத்தாள்.

அந்த ஆகஸ்டில் ஒர்நெட்டா தன் அப்பாவுக்காக இரண்டாவது முறை மனு போட்டாள், சீட்டின் நகலோடு. சங்கம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடியது. சீட்டைப் பார்த்து யாரும் அதிர்ச்சி அடையவில்லை. கான்ஸ்டன்ஸ் வீடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினாள். "போருக்கு மாட்டிறைச்சி குடுத்தவங்க, குதிரை குடுத்தவங்க எல்லாரையும் நாம சேவை செஞ்சவங்கன்னுதான் எழுதுறோம். கேப்டன் ஒரு ஆளையே குடுத்திருக்காரு. அது மாட்டை விடப் பெருசு இல்லையா? அலைடா, நீங்க கவலையே படவேண்டாம், உங்க நாடா எங்கயும் போகாது."

"கவலை அதில்ல," என்றாள் அலைடா. "அந்த ஆளு? போனது அவருதானே?"

போனார்தான், அதை யார் மறுத்தது என்று கான்ஸ்டன்ஸ் ஒப்புக்கொண்டாள். குவாமின் சேவையைச் சங்கம் மனமார ஏற்கிறது. ஆனால் ஒர்நெட்டா அவருடைய வாரிசு என்பதற்குக் குவாமின் திருமணப் பதிவு வேண்டும். அது விதி, அலைடாவே நூறு பேருக்கு எழுதிக் காட்டிய விதி. அடிமைகளின் திருமணத்தை யாரும் பதிவு செய்யவில்லை என்று அலைடா சொன்னாள். அந்தக் காலத்தில் இதே தேவாலயப் பதிவேட்டில் மணிக்குப் புதுக் கயிறு வாங்கியதை எழுதியிருக்கிறார்கள், பாதிரியாரின் பசு கன்று போட்டதை எழுதியிருக்கிறார்கள், கல்யாணத்தை எழுதவில்லை என்றாள். கான்ஸ்டன்ஸ் உண்மையாகவே வருத்தப்பட்டு, அது துரதிர்ஷ்டம் என்றாள். பதினான்குக்கு ஒன்று என்று தீர்மானம் ஆனது. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட அலைடா மறுத்தாள். ஒரு சித்தி பெண் போட்டாள், பேனாவும் அலைடாவுடையது.

அலைடா நாடாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து சித்தி பெண்கள் தபால் அலுவலகத்தில் அவளைப் பார்த்தால் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். அவள் செய்தது பெரிய தியாகம் என்று கறுப்பு பிரிங்க் வீட்டிலும் யாரும் நினைக்கவில்லை. இரண்டு முறை அலைடா போய்க் கதவைத் தட்டினாள். ஒருமுறை ஒர்நெட்டாவின் மகள் வந்து, அம்மா தூங்குறாங்க என்றாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

தகட்டைச் சங்கம் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மே மாதமும் ரோலண்ட் அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவான், கேப்டன் தலைமாட்டில் நடுவார்கள், மாலை வைப்பார்கள், மூன்று முறை சுடுவார்கள். முதல் இரண்டு வருடம் கொஞ்சம் சங்கடம் இருந்தது. பிறகு பெயர் வாசிப்பைச் சுருக்கினார்கள், தகடு கிளம்பியது கண்ணுக்குத் தெரிவதற்குள் எல்லாரும் சாண்ட்விச்சுக்குப் போய்விடலாம். கேப்டனுக்கு நடை பிடிக்குமாம் என்று புதிய உறுப்பினர்களிடம் சொன்னார்கள். 2009இல் கான்ஸ்டன்ஸ் அதைச் சங்கத்தின் கையேட்டில் சேர்த்தாள்: 'நம் கேப்டனின் ஓயாத உற்சாகம்'. தகடு எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அதில் இடம் போதவில்லை. நகர மன்றம் உப்பைக் கொட்டும் இடத்தை நாற்பது அடி தள்ளி மாற்றியது. அதற்குக் காரணம் வடிகால் என்று எழுதினார்கள்.

ஒர்நெட்டா 2014இல் இறந்தாள். சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாளாம். துக்கத்துக்குப் போன பால் லாரிக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அலைடா கேக் அனுப்பவில்லை. சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். வெளியே வரும்போது மகள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, வந்ததற்கு நன்றி என்றாள், முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல.

எண்பதைத் தாண்டிய பிறகும் அலைடா அந்த முப்பத்தோரு நாளும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தகட்டின் பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறாள். அளப்பதில்லை. ஒரு வருடம் சாலையைக் கடக்கும் நாளில், ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இது என்ன என்று கேட்டார்.

"ஒருத்தரு வீட்டுக்குப் போறாரு," என்றாள் அலைடா. "சாயங்காலம் ஆயிரும். நீங்க ஆலை வழியா சுத்திப் போங்க."

அவர் வண்டியைத் திருப்பினார். மறு வருடத்திலிருந்து யாரும் வந்து கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. நெடுஞ்சாலைத் துறை ஜூன் மாதத்தில் ஒரு நாள் அந்தச் சாலையைக் காலை ஐந்து முதல் இரவு ஏழு வரை மூடுவதாக ஊர்ப் பத்திரிகையில் அறிவிப்புப் போடுகிறது. தண்ணீர்க் குழாய் பழுது, மரம் வெட்டுதல் என்று மற்றச் சாலைகளுக்கெல்லாம் காரணம் எழுதியிருக்கும். இந்தச் சாலைக்கு நேரே 'வழக்கம்போல்' என்று இருக்கும்.