வெட்டி ஒட்டிய குரல்

கடையில் அவனுக்கு மியூட் என்று பெயர். வைத்தவன் அங்கே கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வீடியோக்காரன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டான். நாளடைவில் வாடிக்கையாளர்கள்கூட, "அந்த மியூட் தம்பிகிட்டயே குடுங்க, அவர்தான் முகத்தைப் பளிச்சுனு பண்ணுவார்" என்று கேட்கும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. அவன் ஊமை இல்லை. திக்குவாய். வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வண்டி சேற்றில் மாட்டிக்கொள்ளும். எதிரில் நிற்பவர் கொஞ்சம் பொறுமை இழந்தால் போதும், தொண்டை இன்னும் இறுகிவிடும். அதனால் ஆமாம், இல்லை எல்லாவற்றையும் தலையாலேயே முடித்துக்கொள்வான்.

அந்தப் புகைப்பட ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பது அவன் வேலை. சேர்த்துவிட்டது அங்கேயே படம் எடுத்துக்கொண்டிருந்த அவன் மச்சான், மனைவியின் அண்ணன். கடைக்கு ஒரே கம்ப்யூட்டர். காலையில் அவன் கையில், மதியத்துக்கு மேல் வீடியோக்காரன் கையில்.

வீட்டில் நான்கு வயது மகள். குண்டுமணி என்று கூப்பிடுவான். அந்தப் பெயர் மட்டும் அவன் வாயில் திக்காமல் வரும். ஒரு நாள் அவள் படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தாள். "க... க... க..." என்று அவன் ஆரம்பித்தான். அவள் அவன் வாயையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். "அப்பா, கரடி வருமா வராதா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவனைச் சுருக்கென்று குத்தியது.

மறுநாளிலிருந்து மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கைச் செருகி, கதையைப் படித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தான். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வான். எங்கேயாவது ஒரு தடவை வார்த்தை வழுக்கிக்கொண்டு நேராக வந்து விழும். அதை மட்டும் வெட்டி எடுத்து, அடுத்ததோடு ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் தேய்த்துவிடுவான். மணப்பெண் கழுத்து மச்சத்தை அழிப்பவனுக்கு இது பெரிய வேலையா? ஒரு வாரத்தில் கரடிக் கதை முழுசாகத் தயாராகிவிட்டது. ஃபோனில் போட்டுக் காட்டினான். குண்டுமணி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"யாருப்பா இது?"

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"பொய்!" என்றாள். ஆனாலும் தூங்குவதற்குள் இன்னும் ஒரு தடவை கேட்டாள்.

தடுமாறிய பதிவுகளை அவன் தூக்கிப் போடவில்லை. அவற்றுக்குள் ஒரு தடவை ஒழுங்காக விழுந்த 'கரடி'யை அடுத்த கதைக்கும் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா? சொல் சொல்லாகச் சேர்த்துவைத்தான். பிரிண்டர் மென்பொருள் கிடக்கும் இடத்துக்குள்ளே ஒரு ஃபோல்டர். யாரும் சீந்தாத மாதிரி 'பழைய லோகோ' என்று பெயர். அதைக் கண்ணில் படாதபடி மறைத்தும் வைத்தான். அப்படியும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சுருக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டினான். கடவுச்சொல், மகளின் செல்லப்பெயர். அவன் திக்காமல் சொல்லும் ஒரே பெயர் அது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். அதை அவன் யோசிக்கவில்லை.

ஒரு பெரிய வீடியோ வேலை வந்தபோது ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. எது இடத்தைத் தின்கிறது என்று தேடப்போன வீடியோக்காரன், மறைத்தவற்றையும் காட்டும்படி மாற்றிப் பார்த்தான். லோகோவுக்கு இவ்வளவு இடமா என்று அவனுக்குச் சந்தேகம். பூட்டு வேறு. அசிங்கமான படம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, நாக்கைச் சப்புக்கொட்டியபடி உட்கார்ந்தான். இரண்டாவது முயற்சியிலேயே திறந்துகொண்டது.

அடுத்த நாள் மதியம் மியூட் வெட்டுமேசையில் படங்களின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு கிளம்பியது. தடபுடலான தாளம். அதன்மேல், "க-க-க-க கரடி, கு-கு-கு-கு குடை." மச்சான் தோளைக் குலுக்கி ஆடினான். முதலில் மியூட்டுக்கே புரியவில்லை. யாரோ வேடிக்கைப் பாட்டு போடுகிறார்கள் என்று அவனும் லேசாகச் சிரித்தான். பிறகுதான் பல்லவி வந்தது. பதிவுக்கு நடுவே, தொடையில் அறைந்துகொண்டு, அழுதுகொண்டே அவன் தன்னைத்தானே திட்டிய வரி: "சொல்லித் தொலைடா நாயே! உன் குழந்தை கேக்குதுடா!" அந்த வரியில் ஒரு திக்கல்கூட இல்லை. வீடியோக்காரன் அதையே நாலு தடவை போட்டிருந்தான்.

"பார்த்தியா, நாய்னு திட்டும்போது எப்படி அருவி மாதிரி வருது! இனிமே எல்லாத்தையும் திட்டியே பேசு மாப்ள!" என்று மச்சான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனான். முதலாளி நிமிர்ந்தார். "என்னப்பா?"

"அ... அ... அவ..."

முதலாளி காத்திருந்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற வீடியோக்காரன், "நான் மன்னிப்புக் கேக்கணுமாம் சார். கேட்டுட்டேன். ம-ம-மன்னிச்சிடு!" என்றான். வெளியே குபீரென்று சிரிப்பு. முதலாளியும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பேசினார்.

"சின்னப் பசங்களா நீங்க? கடை மெஷின்ல சொந்த விஷயத்தை ஏன்பா வைக்கிற? முதல்ல அதை அழி. இவன் கண்ணு முன்னாடி அழி, இடம் வேணும்னு நேத்துலேர்ந்து கத்திட்டிருக்கான்."

வீடியோக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். மியூட் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தான். தேறிய சொற்கள், தேறாத சொற்கள் எல்லாம் போயின. "குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடு" என்று காதருகே குரல் வந்தது. அதையும் செய்தான்.

சாயங்காலம் வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே உள்ளே தாளம் கேட்டது. மச்சான் பைக்கில் முன்னாலேயே வந்திருந்தான். ஃபோனை உயரப் பிடித்தபடி சோபாவில் சாய்ந்திருந்தான். நடுக்கூடத்தில் குண்டுமணி இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"மத்தியானம் சாப்பிடாம இதுதான் பண்ணிட்டிருந்தீங்களா?" என்றாள். அவனைப் பார்த்துக் கேட்டவளின் குரல் உடைந்திருந்தது.

"சும்மா தமாஷுக்கும்மா! குழந்தைக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு பாரு" என்றான் அண்ணன்காரன்.

மகள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா! மாமா ஃபோன்ல நீ பாட்டு பாடுற! சூப்பரா இருக்குப்பா!"

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தான். "நி... நி... நி... நி..."

குண்டுமணியின் கண்கள் விரிந்தன. "ஐ! புதுப் பாட்டு!"

அவன் நிறுத்த முயன்றான், முடியவில்லை. சொல்லும் முழுசாக வரவில்லை, சத்தமும் அடங்கவில்லை. அவள் கையைத் தட்டித் தட்டி, அவனுடைய ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குதி போட்டு ஆடினாள். மச்சான் ஃபோனைத் திருப்பி, வீடியோ எடுக்க அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.