இராமலட்சுமியின் சாட்சி

இராமலட்சுமி சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இடது காலை நீட்டியபோது மிஷன் ஊழியன் சகாயவினோத்துக்கு முதலில் வாடைதான் தெரிந்தது. பிறகுதான் புண். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொடங்கி, பாதத்தின் மேல்புறம் வரை கறுத்துக் கிடந்தது. கிறிஸ்துமசுக்கு இன்னும் மூன்று நாள். ஆண்டவர் தன்னைச் சுகமாக்கினார் என்று இருபத்து நாலாம் தேதி மாலைக் கூட்டத்தில் அவள் சொல்லவிருந்த சாட்சியை ஒருமுறை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் அவன் காலையிலேயே சைக்கிளில் வந்திருந்தான்.

"களை எடுக்கையில என்னமோ கிழிச்சிருச்சு தம்பி. பத்து நாளாச்சு. துளி வலியில்ல. வலி இல்லேன்னா ஆண்டவரு ஆத்திக்கிட்டு இருக்காருன்னுதான அர்த்தம்?"

வலி இல்லை என்பதுதான் அவனை உலுக்கியது; சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தான்.

"சுகர் மாத்திரை போடுறீகளாக்கா?"

"அத நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சே." அவள் சிரித்தாள். "நீங்கதான மைக்குல சொன்னீக?"

சொல்லியிருந்தான். அக்டோபரில் நடந்த மூன்று நாள் ஜெபக்கூட்டத்தில், கடைசி நாள். 'மாத்திரையை நம்புறவன் மாத்திரையோட நிப்பான், கர்த்தரை நம்புறவன் கர்த்தரோட நடப்பான்' என்று வாயில் வந்தது. அந்த வாக்கியம் விழுந்த ஓசை அவனுக்கே பிடித்திருந்தது. கூட்டம் அல்லேலூயா என்றதும் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னான். அடுத்த வாரம் இராமலட்சுமி வந்து, தலைசுற்றல் போய்விட்டது, உடம்பு லேசாக இருக்கிறது என்றாள். அவன் அதை மாத அறிக்கையில் எழுதினான். மிஷன் பத்திரிகையில் அவள் படத்தோடு வந்தது. அந்த லேசு என்ன என்பது இப்போது கண்ணெதிரே இருந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. கழுத்தெலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. ஞாயிறுதோறும் அவளைப் பார்த்திருக்கிறான். பார்த்தது படத்திலிருந்தவளைத்தான்.

"கெளம்புங்கக்கா. ராம்நாடு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சாட்சி சொல்லப்போற நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனா அவிசுவாசமாயிராதா தம்பி?"

"அது ஆண்டவர் சொன்னதில்லக்கா. நான் சொன்னது. தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் இல்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவளைப் போலப் பார்த்தாள்.

"அப்ப மத்ததெல்லாம்?"

 அவன் அவளுடைய பையைத் தேடி எடுத்துக்கொண்டான்.

உச்சிப்புளியில் பஸ் ஏறினார்கள். ஜன்னலுக்கு வெளியே மழைத்தண்ணீர் நின்ற வயல்களும் பனைகளும் ஓடின. வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஈரத்தில் தொய்ந்து தொங்கின. அவனுக்குத் தன் அய்யாவின் நினைவு வந்தது. அவனைப் பெற்ற சவேரியார், தங்கச்சிமடத்தில் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். மாதாவைக் கும்பிடாமல் படகில் கால் வைக்கமாட்டார். ஆனால் காற்று சரியில்லை என்று தகவல் வந்தால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார். அவரை யாரும் விசுவாசமில்லாதவர் என்று சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன் மாதா கோயிலை விட்டு மிஷனில் சேர்ந்தபோது, சகாயவினோத்தான் சொன்னான். "ஒங்களுக்குப் பழக்கந்தான்யா இருக்கு, விசுவாசம் இல்ல." அன்று அவனோடு பேச்சை நிறுத்தியவர்தான். அந்த வாக்கியமும் அன்று அவன் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. இரண்டு விரல்களை எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் காலே போகும் என்றார். பிறகு ஏட்டிலிருந்து நிமிராமல் கேட்டார். "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

சகாயவினோத் கையிலிருந்த அவள் பையைக் குனிந்து பார்த்தான்.

"யாருஞ் சொல்லல தாயி. நானாத்தான் விட்டுட்டேன்" என்றாள் இராமலட்சுமி.

டவுன் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மகள் பானுப்பிரியா தகவல் தெரிந்து ஓடிவந்தாள். அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டு வராந்தாவில் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லண்ணே. இன்னைக்கு ஒங்களுக்காகச் சொல்லிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் விரல்களை எடுத்தார்கள். சகாயவினோத் மதுரையிலிருந்த மிஷன் பாஸ்டருக்குப் போன் செய்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை இப்ப யார்கிட்டயும் பேசாத. பண்டிகை நேரத்துல சாத்தான் மனசைக் கலக்குவான். சாட்சிக்கு வேற ஆளைப் பாரு" என்றார். அவன் ஜெபிக்க முயன்றான். முழங்காலிட்டதும், பழகிய வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் மைக்குக்கு முன்னால் நிற்பது போலவே இருந்தது. எழுந்து நடந்தான். திரும்பவும் முழங்காலிட்டான். திரும்பவும் எழுந்தான்.

இருபத்து நாலாம் தேதி மாலை ஐந்தரைக்கே மிஷனின் தகரக் கொட்டகை நிறைந்துவிட்டது. வண்ணக் காகிதங்கள் வாடைக்காற்றில் படபடத்தன. புதுச்சேலைகளின் கஞ்சி மணமும் கேக்கின் மணமும் கலந்திருந்தன. பாஸ்டர் வந்திருந்தார். பாடல்கள் முடிந்ததும் சிரித்தபடி அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"இராமலட்சுமி அக்கா இன்னைக்கு வரல" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இருந்தது. "அவங்க கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. மாத்திரைய நிப்பாட்டுனதாலதான். நிப்பாட்டச் சொன்னது நான். நான் சொன்னது தப்பு."

கீபோர்டு வாசித்தவன் விரலை எடுக்க மறந்துவிட, ஒற்றைச் சுரம் நீண்டுகொண்டிருந்தது. பாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஆண்டவர் இருக்காரு. அதுல எனக்குச் சந்தேகமில்ல. நான் பேசுனதுதான் அவரு பேச்சில்ல." கூட்டத்தைப் பார்த்தான். "இங்கன வேற யாராச்சும் என் பேச்சைக் கேட்டு மாத்திரைய விட்டிருந்தீகன்னா, கையைத் தூக்குங்க. கண்ணை மூடவேணாம். பாத்துக்கிட்டே தூக்குங்க."

யாரும் அசையவில்லை. பாஸ்டரின் கை அவன் தோளில் வந்து விழுந்தது. அவன் மைக்கை விடவில்லை.

பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசையில், இரத்தக் கொதிப்புக்காரி பிச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கையை உயர்த்தினாள். ஆண்கள் பக்கம் இன்னொரு கை, பாதி மட்டும். பிறகு சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு தாய், வலிப்பு வரும் தன் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருக்க, அவளுடைய சின்னக் கையைப் பிடித்து மேலே தூக்கினாள்.