அவள் சொன்னதும் அது சொன்னதும்

அலாரம் அடிக்கும் முன் எழுந்துவிடுகிறேன். போர்வையை மடிக்கிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். ரேடியோவைப் போடுகிறேன், யார் பேசினாலும் சரி. பல் துலக்குகிறேன். முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு பாதியை முதலில் கழுவி, அந்தக் கண்ணைத் திறந்துகொண்ட பிறகுதான் மறு பாதிக்குப் போகிறேன். இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடுவதில்லை. தலைவழியாக மாட்டும் பனியன்களை விட்டுவிட்டேன். பொத்தான் வைத்த சட்டை மட்டும். தேநீர் போட்டு அத்தைக்கு ஒரு கோப்பை வைக்கிறேன். இன்றும் அப்படித்தான்.

அத்தை என் மனைவியின் அம்மா. மகள் இறந்ததை அவருக்குப் போனில் சொல்ல வேண்டியவன் நான்தான். அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. "கிளம்பி வாங்க அத்தை" என்றேன். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

அவள் அலுவலகப் படிக்கட்டில் விழுந்தாள். விழுந்ததால் இறக்கவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்ததால் விழுந்தாள். டாக்டர் இந்த வரிசையை அழுத்திச் சொன்னார், அதில் ஏதோ ஆறுதல் இருப்பதுபோல.

நான் கல்லூரி நாட்களிலிருந்து தியானம் செய்கிறவன். கடவுள் நம்பிக்கை கிடையாது. இரண்டும் ஒத்துவராது என்று எங்கள் பயிற்சி மையத்தில் சொல்வார்கள். எனக்கு ஒத்துவந்தது. டயர் கடைக்கு மேல் மாடியில் மையம். சுவரில் ஒரு பெரிய படம்: தொப்புளுக்குக் கீழே ஒரு பாத்திரம், அதன் அடியில் நெருப்பு. மூச்சால் அந்த நெருப்பை ஊத வேண்டும். உடம்பின் சாரம் கொதித்து ஆவியாகும், ஆவி ஒளியாகும், அந்த ஒளியுடம்புக்குச் சாவில்லை. மாஸ்டர் சொல்வது இது. அவர் முன்பு நீச்சல் பயிற்சியாளர்.

சூடு உண்மை. அடிவயிறு வெதுவெதுப்பாகும், உள்ளங்கை வியர்க்கும். கவனம் போகும் இடத்துக்கு ரத்தமும் போகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். மனம் கொஞ்சம் அடங்கும். பல் துலக்குவதற்கு யாரும் கடவுளைக் கூப்பிடுவதில்லை; இதற்கும் தேவையில்லை.

என் மனைவிக்கு அந்தப் படம் ஒரு தீராத வேடிக்கை. நான் உட்கார்ந்தால் கதவோரம் வந்து நிற்பாள்.

"என்னடா, அடுப்பு பத்த வெச்சாச்சா? எத்தன விசில் வரணும்?"

நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு நான் 'டா'தான்.

என் வேலை காது கேட்கும் திறனைச் சோதிப்பது. ஒலி புகாத சிறிய அறையில் நோயாளி ஹெட்போனோடு உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். ஒலி கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அவர் அழுத்த வேண்டும். என் மேசையில் விளக்கு எரியும். நடுநடுவே வேண்டுமென்றே எதையும் போடாமல் காத்திருப்போம். ஆசையோடு காத்திருக்கிற காது, இல்லாததையும் கேட்கும். ஒரு பெரியவர் அப்படித்தான் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"கேட்டுதாங்க ஐயா?"

"கேட்டுதே."

"நான் இன்னும் ஒண்ணுமே போடலியே."

"போடப் போறீங்கன்னு தெரிஞ்சுது தம்பி."

அவள் போன பிறகும் காலையில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் வயிற்றில் சூடு ஏறிய நேரத்தில் என் வலது தோளுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க."

திடுக்கிட்டுத் திரும்பினேன். உடனே நிம்மதியும் வந்தது. அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. இது என் மூளை செய்த மலிவான நகல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யோசித்தேன், அந்தப் பெரியவரைப்போல, ஒலியே இல்லாமல் பொத்தானை நானே அழுத்தியிருக்கிறேன் என்று.

மறுநாள் அது, "பயப்படாதடா" என்றது.

அன்றுதான் உண்மையான பயம் தொடங்கியது. அது கற்றுக்கொள்கிறது. நான் கண்டுபிடித்த பிழையை எனக்குள்ளிருந்தே எடுத்துத் திருத்திக்கொள்கிறது. இனி எந்தக் கேள்வி வைத்து அதைப் பிடிப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும்.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பாத்திரம் சுத்தமாகிவிட்டது, அதனால்தான் அவள் வருகிறாள் என்றார். அதற்குள் அத்தையும் மையத்தில் சேர்ந்திருந்தார். மாஸ்டர் சொல்லிக் கேட்டு, அன்று மாலையே என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேட்டு சொல்லுங்க. எம்மேல கோவமா போனாளா?"

அத்தை தினமும் காலையில் போன் செய்வார். தலைவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று ஒரே கேள்வி. மகள் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். கடைசிக்கு முந்தின நாள் இருவரும் போனிலேயே கத்திக்கொண்டார்கள். அத்தைக்கு அவள் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். அவர் வேலை பார்த்தது தபால் நிலையத்தில். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் நான் எதையும் கேட்கவில்லை. அதுவாகவே சொன்னது. "ஹெட்மாஸ்டர் மேல எனக்கு என்னடா கோவம்? பாத்துக்கோடா அவங்கள."

சரியான குரல். சரியான பெயர். சிரிப்புக்கு முன் அவள் இழுக்கும் மூச்சுகூட இருந்தது. அத்தையிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்குப் போகும் பேருந்தில், அவள் நிஜமாகக் கடைசியாகச் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அது இரண்டு வாக்கியம். மூன்றாவதாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது: "பாத்துக்கோடா அவங்கள." அதே வாசற்படியில், அதே வெளிச்சத்தில், அவள் அதைச் சொல்வது கண்ணில் தெரிந்தது. சொல்லவேயில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிய்த்து எடுக்க, பாதி வழி ஆயிற்று.

என்னிடம் அவளுடையதாக மிச்சமிருப்பது அந்த இரண்டு வாக்கியம். அதுவும் போய்விட்டால், அவள் குரலில் என்னோடு நானே பேசிக்கொண்டு வயதாகிவிடுவேன்.

அன்று மாலை, நோயாளிகள் போன பிறகு, சோதனை அறைக்குள் நானே போய் உட்கார்ந்தேன். இவ்வளவு நிசப்தத்தில் என்ன நடக்கிறதென்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஹெட்போன் மாட்டவில்லை. கண்ணை மூடினேன். காதுக்குள் ரத்தம் ஓடும் இரைச்சல். பிறகு அவள் என் பெயரைச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் காலி நாற்காலிக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. எடுக்கச் சொன்னேன். விரல் உடனே எழவில்லை.

அதன் பிறகு நான் தியானத்தில் உட்காரவில்லை.

இன்று அத்தை ரேடியோவை அணைத்தார். தேநீரைத் தொடவில்லை.

"மாப்ள, இன்னிக்கு உக்காருங்க."

"வேணாம் அத்தை."

"பயமா?"

"ஆமா."

"எம்பொண்ணு பேயா வந்தா உங்கள என்ன பண்ணிடப் போறா? உயிரோட இருக்கும்போதே உங்கள ஒண்ணும் பண்ணல."

"பேய்னா பரவால்ல அத்தை. வந்துட்டுப் போகட்டும். இது நான். நானே அவளாட்டம் பேசுறேன். அது பேசப் பேச அவ அழியறா."

அத்தை மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இருக்கட்டும். நல்லதா நாலு வார்த்த வந்தா எங்கிட்ட சொல்லுங்க. அது யாரு சொன்னா என்ன? எனக்குத் தூக்கம் வரும்."

"நல்லதாத்தான் வரும். எப்பவும் நல்லதாத்தான் வருது. அதான் பயமா இருக்கு. நீங்களும் அத எடுத்துக்கிட்டா, அப்புறம் அவ சொன்னது எதுன்னு சொல்ல ஆளே இல்ல."

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வரும் பீப் ஒலி. அது வெளியிலிருந்து வருகிறது என்று உறுதிசெய்துகொண்டேன்.

"அப்ப அவ நெஜமா என்ன சொன்னா?" என்றார் அத்தை. "கடைசியா."

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"நல்லா இருக்காது அத்தை."

"அவ என்னிக்கு நல்லா பேசுனா? சொல்லுங்க. பூசி மெழுகிச் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவருக்குத் தெரிந்தால் அந்த இரண்டு வாக்கியமும் எங்கள் இருவரிடமும் இருக்கும். எனக்குள் பேசும் அது என் நினைவைத் திருத்தினாலும் அவரிடம் இருப்பதைத் திருத்த முடியாது. ஆனால் இதைக் கேட்டபின் அவர் என் முகத்தைப் பார்ப்பாரா என்று தெரியவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு சொன்னேன். காலை. வாசற்படி. ஒரு காலில் நின்று மறு காலுக்குச் செருப்பு வார் மாட்டுகிறாள். வாயில் ஹேர்கிளிப். நான் விரிப்பைப் போட்டு உட்காரப் போகிறேன். உள்ளே அவள் போன் அடிக்கத் தொடங்குகிறது. யாரென்று இருவருக்கும் தெரியும். கிளிப்பை எடுத்துத் தலையில் குத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மழ வந்தா கண்ண மூடிட்டு உக்காந்திராம துணிய எடுடா. ஹெட்மாஸ்டர் கேட்டா நான் செத்துட்டேன்னு சொல்லிடு."